"சாப்பிடுவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில், நம் ஆட்களிடம் சாசா (அரசு உதவித்தொகை தரும் அலுவலகம்) என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது தாத்தா, ஆயாக்களின் பென்ஷன். அடுத்தது ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் தரும் சைல்ட் சப்போர்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் சத்தமில்லாமல் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, கேர் டிபெண்டன்சி கிராண்ட், அதாவது பராமரிப்பு உதவித்தொகை. உடலிலோ மனவளர்ச்சியிலோ கடுமையான குறைபாடு இருந்து, ஒருவர் எப்போதும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ள, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கானது. நாட்டில் சைல்ட் சப்போர்ட் போய்ச் சேரும் பிள்ளைகள் ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் இருப்பார்கள், இதை வாங்குகிறவர்கள் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆள் குறைவு, அதனால் பேச்சும் குறைவு. கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்றைக்குப் பத்துப் பெண்கள் சேர்ந்து பாத்திரம் கழுவினால் பென்ஷன் தேதி பேசுவார்கள், அந்தப் பணம் எடுக்கிற போஸ்ட்பாங்கின் கறுப்பு கார்டு பேசுவார்கள், இதைப் பேச மாட்டார்கள். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருப்பவர் அந்தக் கூட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி, டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்துக்கு வந்தவள். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஹாலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன், மற்ற நாளில் கேட்கிறவர்களுக்கு ஃபாரம் எழுதித்தருகிறேன். இரண்டாவது வேலைக்குத்தான் கிராக்கி. அது தொடங்கியது எங்கள் வீட்டில், என் நாத்தனாரின் மகனால். அவனுக்கு செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் கைகால் கட்டுக்குள் இல்லாத நிலை), கூடவே வலிப்பு. இப்போது 17 வயது. நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நாத்தனாரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2025 ஏப்ரலில் அது மாதம் 2,315 ரேண்ட் (இந்த நாட்டுப் பணம்) ஆனது. சைல்ட் சப்போர்ட் அதே மாதம் 560 ஆனது. ஒரே பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, ஏதாவது ஒன்றுதான். ஆக, அந்த ஆண்டுக் கணக்கில், கடும் குறைபாடுள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு தெரியாமல் 560 ரேண்ட் மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும் குடும்பம் மாதம் 1,755 ரேண்டை விட்டுக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்களை எனக்கே தெரியும், இந்தத் தெருவிலேயே.

ஊரில் இருக்கும் என் தங்கை இந்தத் தொகையைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, அங்கே அள்ளிக் கொடுக்கிறார்களே" என்றாள். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கும் தரும் மாதப் பராமரிப்புத் தொகை 2023-ல்தான் 1,500-லிருந்து 2,000 ரூபாய் ஆனது. ரேண்டுக்கு ஏறக்குறைய ஐந்து ரூபாய் என்று பெருக்கிப் பார்த்தால் இங்கே அதைப் போல ஐந்தாறு மடங்கு. அவள் சொன்னது சரிதான். ஆனால் நாப்பி (டயபர்) விலையையும் அதே ஐந்தால் பெருக்க வேண்டும்.

நாப்பி என்றதும் சிரிக்காதீர்கள். 17 வயதுப் பையனுக்குப் பெரியவர்கள் சைஸ்தான் போட வேண்டும். ஒன்று பன்னிரண்டு ரேண்டுக்குக் குறைந்து கிடைத்தால் அதிர்ஷ்டம், நாளைக்கு நான்கு. வயிறு சரியில்லாத நாளில் கணக்கே இல்லை. கிராண்ட் பணத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். இதில் ஒரு வயிற்றெரிச்சல் கதை இருக்கிறது. 2018 ஏப்ரலில், பொருள் வாங்கும்போது கட்டுகிற வாட் வரியை 14-லிருந்து 15 சதவீதமாக ஏற்றினார்கள். ஏழைகளுக்குச் சுமை கூடும் என்று சத்தம் எழுந்ததால், எந்தெந்தப் பொருளுக்கு வரியை நீக்கலாம் என்று பார்க்க இங்க்ரிட் வூலார்ட் என்ற பொருளாதாரப் பேராசிரியரின் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு கொடுத்த பட்டியலில் நாப்பி இருந்தது. 2019 ஏப்ரலில் வரி நீங்கியது மாவுக்கும் சானிட்டரி பேடுக்கும். நல்ல விஷயம், வேண்டியதுதான். நாப்பி மட்டும் பட்டியலோடு நின்றுவிட்டது. இன்றைக்கும் அரசாங்கம் ஒரு கையால் கொடுக்கிற கிராண்டிலிருந்து, நாப்பி வாங்கும்போதெல்லாம் 15 சதவீதத்தை இன்னொரு கையால் எடுத்துக்கொள்கிறது.

சரி, ஃபாரத்துக்கு வருகிறேன். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

விண்ணப்பத்தில் பாதி சாதாரண வேலை. அம்மாவின் ஐடி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வருமானத்துக்கும் முகவரிக்கும் அத்தாட்சி, பாங்க் ஸ்டேட்மெண்ட், கல்யாணமானவரா, விவாகரத்தா என்பதற்குக் காகிதம். ஏதாவது ஒன்று இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. விண்ணப்பம் கொடுத்ததும் தேதி போட்டு முத்திரை குத்திய ரசீது வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள், ஏனென்றால் எப்போது அனுமதி கிடைத்தாலும் பணம் விண்ணப்பித்த தேதியிலிருந்துதான் கணக்கு. அந்தத் துண்டுச் சீட்டுதான் பின்னால் பணமாகும்.

மற்றப் பாதி டாக்டர் பார்ப்பது. அங்கேதான் நம் பெண்கள் விழுகிறார்கள்.

அக்காவோடு நானும் போயிருந்தேன். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை. நீண்ட வரிசை, பையன் வீல்சேரில், கழுத்துக்குப் பக்கத்தில் சுருட்டிய துண்டு. டாக்டர் இளைஞர், கெட்டவர் இல்லை, களைத்துப்போயிருந்தார். ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சாப்பிடுவானா, அம்மா?"

"சாப்பிடுவான், நன்றாகச் சாப்பிடுவான்."

"இரவில் தூங்குவானா?"

"தூங்குவான் டாக்டர். தொந்தரவே பண்ண மாட்டான்."

"பேசுவானா?"

"நான் சொன்னால் புரியும் அவனுக்கு."

ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அவன் சாப்பிடுவது எப்படி என்று நான் தினமும் பார்க்கிறேன். சோற்றையும் பருப்பையும் மசித்து, வடிகட்டி, கட்டியில்லாமல் ஆக்க வேண்டும். அவன் தலையைத் தன் இடது கையால் தாங்கி, தாடையை விரலால் பிடித்து, கரண்டியை நடுவில் வைக்காமல் கன்னத்தின் ஓரமாக வைக்க வேண்டும், நடுவில் வைத்தால் நாக்கு வெளியே தள்ளிவிடும். விழுங்குகிற வரைக்கும் தொண்டையைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். இருமினால் நிறுத்தி, முன்னால் சாய்த்து, முதுகைத் தட்டி, மறுபடி முதலிலிருந்து. ஒரு கிண்ணம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு மூன்று கிண்ணம். இதற்குப் பெயர்தான் அக்காவின் வாயில் "நன்றாகச் சாப்பிடுவான்". தூங்குவான் என்றால், ராத்திரியில் இவள் எழுந்து எழுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் படுக்க வைப்பதால் தூங்குவான் என்று அர்த்தம்.

மறுப்புக் கடிதம் வந்தது. நிரந்தரப் பராமரிப்பு தேவைப்படும் அளவுக்கு இல்லை என்று.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று அக்காவைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு அந்நியன் கேட்கும்போது எந்தத் தாயாவது "ஒன்றுக்கும் ஆகாதவன்" என்று சொல்லுவாளா? வருஷக்கணக்காக உறவுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் "நன்றாக இருக்கிறான்" என்று சொல்லிப் பழகிய வாய் அது. மேலும், நம் குடும்பங்களில் இது வெறும் கூச்சமும் இல்லை. போன ஜென்மத்து வினை என்று முகத்துக்கு நேரே சொல்கிற கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்காக அக்கா தைப்பூசத்துக்குக் காவடி எடுத்திருக்கிறாள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த ஒரு நாளில்தான் அவளை யாரும் பரிதாபமாகப் பார்க்காமல் மரியாதையாகப் பார்த்தார்கள். ஆனால் முருகனிடம் அழுது சொன்னதில் கால்வாசியை அந்த டாக்டரிடம் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 2004-ன் சோஷியல் அசிஸ்டன்ஸ் சட்டம். அதில் கேட்பது நோயின் பெயரை அல்ல. உடல் அல்லது மனக் குறைபாட்டின் காரணமாக நிரந்தரமான பராமரிப்போ துணைச் சேவையோ "தேவைப்படுகிற, பெறுகிற" பிள்ளை என்றுதான் இருக்கிறது. பெறுகிற என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். யார் கொடுத்துப் பெறுகிறது? அக்கா கொடுத்து. அரசாங்கம் காசு கொடுப்பது செரிப்ரல் பால்சிக்கு இல்லை, அக்காவின் உழைப்புக்கு. அப்படியென்றால் ஃபாரத்தோடு போக வேண்டியது பிள்ளையின் குறையைச் சொல்லும் காகிதம் மட்டும் இல்லை, அம்மாவின் வேலையைச் சொல்லும் காகிதமும்தான். இது எனக்கு உறைத்த பிறகு ஃபாரம் எழுதுவதே மாறிவிட்டது.

மறுத்தால் 90 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். அதைக் கேட்பதற்கென்றே தனியாக ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது, வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. அக்காவை உட்கார வைத்து ஒரு நாளை அப்படியே எழுதினோம். காலை நாலரைக்கு நாப்பி, உடம்பு துடைப்பு, ஐந்து மணிக்கு வலிப்பு மாத்திரையை நசுக்கித் தயிரில் கலந்து கொடுப்பது, இறுகிப்போன கையையும் காலையும் நீட்டி மடக்குவது, அப்புறம் கஞ்சி, அது முடிய ஏழு மணி. இப்படியே ராத்திரி வரைக்கும். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன். நடுவில் நிறுத்திவிட்டு, "இவ்வளவா பண்ணுகிறேன்?" என்று கேட்டாள். கூடவே தெரபிஸ்டிடம் இரண்டு பத்தியில் ஒரு கடிதம், வலிப்பு வந்த தேதிகள் குறித்த நோட்டு, தடுப்பூசியும் வளர்ச்சியும் குறித்து சின்ன வயதிலிருந்து வைத்திருந்த ரோட் டு ஹெல்த் புத்தகம். அப்பீல் ஜெயித்தது. முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து பாக்கிப் பணமும் சேர்ந்து வந்தது.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: டாக்டர் "சாப்பிடுவானா" என்று கேட்டால் எப்படிச் சாப்பிடுவான் என்று சொல்லுங்கள், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள், நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். நல்ல நாளைச் சொல்லாதீர்கள், மோசமான நாளைச் சொல்லுங்கள். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, பவுடர் பூசிக் கூட்டிக்கொண்டு போகத்தான் எல்லோருக்கும் கை போகும். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் வாயையும் கூடவே கொண்டுபோங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். பார்க்க ஒன்றும் தெரியாது, ஓடியாடுவார்கள். சாலையில் பாய்வதும், ராத்திரி முழுக்க விழித்திருப்பதும், தலையைச் சுவரில் மோதுவதும் ஐந்து நிமிடப் பரிசோதனையில் தெரியாது. போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"நாமே பார்த்துக்கொள்வோம், அரசாங்கத்திடம் கையேந்த வேண்டாம்" என்கிறவர்கள் இன்னொரு ரகம், பெரும்பாலும் ஆண்கள். இந்த ரோஷம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. 1860-ல் ட்ரூரோ கப்பலில் மெட்ராசிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள். கோயிலைத் தாங்களே கட்டினார்கள், பள்ளிக்கூடத்தைத் தாங்களே காசு சேர்த்துக் கட்டினார்கள், ஆதரவில்லாதவர்களுக்கு 1921-லேயே டர்பனில் ஆரியன் பெனவலண்ட் ஹோமை நம் மக்களே தொடங்கினார்கள். கொடுக்காத அரசாங்கத்திடம் கேட்காமல் வாழ்ந்தது பெருமைதான். ஆனால் அன்றைக்குக் கொடுக்காதது கொள்ளை, அது மறந்துவிடக் கூடாது. நிறத்துக்கு ஒரு விலை வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரருக்கு ஒரு பென்ஷன், இந்தியருக்கும் கலர்டு என்று அழைத்த கலப்பினத்தவருக்கும் அதைவிடக் குறைவு, கறுப்பினத்தவருக்கு எல்லோரையும்விடக் குறைவு. எல்லோருக்கும் ஒரே தொகை என்று ஆனது 1993-ல்தான். என் மாமியாருக்கு அந்தக் காலத்துக் கணக்கு இன்னும் மனப்பாடம். புருஷன் இல்லாத பெண்களுக்குக் கிடைத்துவந்த மெயின்டனன்ஸ் கிராண்டை 1998-லிருந்து படிப்படியாக நிறுத்திவிட்டு, அதற்குப் பதில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 100 ரேண்ட் என்று சைல்ட் சப்போர்ட் கொண்டுவந்தபோது சாட்ஸ்வர்த் ஃப்ளாட்டுகளில் எத்தனை வீடு ஆடிப்போனது என்று இன்றைக்கும் சொல்வார். நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது, பழைய கிராண்ட் கறுப்பினத் தாய்மார்களை அநேகமாக எட்டவே இல்லை. அது வேறு கதை, ஒரு கட்டுரைக்குள் அடங்காது.

நான் குடிமகள் இல்லை, பெர்மனண்ட் ரெசிடெண்ட். என்னைப் போன்றவர்கள் ஃபாரத்தைப் பார்த்ததும் "இது நமக்கில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இருக்கிறது. மொசாம்பிக்கிலிருந்து வந்து இங்கே நிரந்தரமாகக் குடியேறிய சிலர் வழக்குப் போட்டு, அரசியல் சாசன நீதிமன்றம் 2004-ல் கோசா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. முதியோர் பென்ஷன், சைல்ட் சப்போர்ட், கேர் டிபெண்டன்சி மூன்றையும் குடியுரிமை இல்லை என்பதற்காக நிரந்தரக் குடியிருப்பாளருக்கு மறுப்பது செல்லாது என்று. யாரோ ஏழைகள் நீதிமன்றம் ஏறியதால் எனக்கும் கிடைத்த உரிமை. அதேபோல, விண்ணப்பிக்க அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பேரனை வளர்க்கிற ஆயாவும் விண்ணப்பிக்கலாம். தன் பென்ஷன் வேறு, பிள்ளையின் கிராண்ட் வேறு, ஒன்றுக்காக ஒன்றை வெட்ட மாட்டார்கள்.

வருமான வரம்பைப் பற்றித் தவறான பேச்சு நிறைய. சைல்ட் சப்போர்ட் வரம்பை மனதில் வைத்துக்கொண்டு, "என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறார், எங்களுக்குக் கிடைக்காது" என்கிறார்கள். வரம்பு கிராண்ட் தொகையின் பத்து மடங்கு. 2025 ஏப்ரலின் 2,315 என்றால், தனியாக இருக்கும் பெற்றோருக்கு மாதம் 23,150 ரேண்ட். கல்யாணமானவர்கள் என்றால் இருவர் வருமானமும் சேர்த்து அதன் இரண்டு பங்கு, 46,300. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வாத்தியார் வீடு, நர்ஸ் வீடு கூட இதற்குள் வரலாம்.

அந்த வரம்பையும் தாண்டியவர்களுக்கு வரியில் ஒரு வழி இருக்கிறது. ஐடிஆர்-டிடி என்று ஒரு ஃபாரம், டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குறைபாட்டை உறுதிப்படுத்த வேண்டும். அது இருந்தால், பிள்ளைக்காகக் கைக்காசு போட்டுச் செய்த தகுதியான செலவில் 33.3 சதவீதம் வரியில் கழிந்துவிடும். பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் ஆளின் சம்பளம், வீல்சேர், வாசலில் படியை இடித்துச் சரிவு கட்டியது, ஏன், நாப்பி போன்ற பொருள்களும் வருமானவரித் துறை வைத்திருக்கும் பட்டியலில் உண்டு. ரசீதுகளை ஒரு ஷூ பெட்டியில் போட்டு வையுங்கள். இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. நல்ல சம்பளக்காரருக்கு நாப்பிச் செலவில் மூன்றில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத அக்கா அதே நாப்பிக்கு 15 சதவீதம் கூடக் கொடுக்கிறாள். யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் இப்படித்தான் இருக்கிறது.

போக்குவரத்தும் அப்படித்தான். டாக்ஸியில் (இங்கே அது பலர் சேர்ந்து ஏறும் மினிபஸ்) வீல்சேரை மடக்கி வைத்தால் அதற்கும் ஒரு சீட் காசு கேட்பார்கள், சிலர் நிறுத்தவே மாட்டார்கள். கார் பிடித்தால் கிளினிக் போய்வர ஒரு மூட்டை நாப்பி விலை. பள்ளிக்கூடம் என்று எடுத்தால், கடுமையான அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் அடிப்படைக் கல்வி உரிமை உண்டு என்று வெஸ்டர்ன் கேப் உயர் நீதிமன்றம் 2010-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் சாதாரணப் பிள்ளைக்குத் தெருக்கோடியில் கட்டணமில்லாத பள்ளி இருக்கும், இந்தப் பிள்ளைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் கட்டணம் கேட்கிற பள்ளி இருக்கும், அங்கேயும் காத்திருப்போர் பட்டியல். அந்தக் கிராண்டில் இதெல்லாம் அடங்க வேண்டும். அக்கா தையல் வேலையை விட்டதால் நின்றுபோன சம்பளமும் அதற்குள்தான்.

பணம் வந்த பிறகு காவல் காக்க வேண்டியது ஒன்று உண்டு. கார்டில் வருகிற பணத்திலிருந்து இறுதிச்சடங்கு பாலிசி என்று வெட்டிக்கொண்டு போவது இங்கே பெரிய வியாபாரமாக இருந்தது. ப்ளாக் சாஷ் என்ற மனித உரிமை அமைப்பு வருஷக்கணக்காகப் போராடிய பிறகு 2016-ல் விதி மாறியது. பெரியவர்கள் கிராண்டில் கூடப் பத்து சதவீதத்துக்கு மேல் அப்படி வெட்டக்கூடாது, பிள்ளைகளுக்கான கிராண்டில் வெட்டவே கூடாது. மாதாமாதம் ஸ்டேட்மெண்டைப் பாருங்கள். கடன்காரரிடம் கார்டையும் பின் நம்பரையும் அடகு வைப்பது பற்றி நான் எழுத வேண்டியதில்லை, எழுதினால் சண்டைக்கு வருவார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது 18 வயதுக் கவலை. அடுத்த வருஷம் அவனுக்கு 18. 18 ஆனதும் கேர் டிபெண்டன்சி முடிந்துவிடும். தானாக வேறொன்றாக மாறாது. பெரியவர்களுக்கான டிசபிலிட்டி கிராண்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், புதிதாக டாக்டர் பார்க்க வேண்டும், பிறந்தது முதல் இருக்கிற குறைபாடு என்றாலும். இதைத் தெரியாமல் "பணம் நின்றுவிட்டதே" என்று இரண்டு மூன்று மாதம் கார்டை மெஷினில் போட்டுப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. டாக்டர் தற்காலிகம் என்று எழுதினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குத்தான் கிடைக்கும், அப்புறம் மறுபடி வரிசை. அதனால் நிரந்தரம் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள், பழைய ஃபைல் எல்லாவற்றையும் மேசையில் வைத்துக் கேளுங்கள்.

இந்த 18-ல் யாரும் சொல்லாத இரண்டு நல்ல விஷயங்களும் இருக்கின்றன. ஒன்று, அதுவரை பெற்றோர் வருமானத்தைப் பார்த்தார்கள், இனி பிள்ளையின் சொந்த வருமானத்தையும் சொத்தையும்தான் பார்ப்பார்கள். அப்பா சம்பளம் அதிகம் என்று பத்து வருஷம் முன்பு மறுக்கப்பட்ட வீடுகள் மறுபடி போகலாம், போக வேண்டும். (பிள்ளை பேரில் வீட்டை எழுதி வைக்க நினைக்கிறவர்கள் இதனாலேயே முதலில் ஒரு வக்கீலைப் பார்த்து குறைபாடுள்ளவருக்காகச் சொத்தை வைத்துப் பராமரிக்கும் ஸ்பெஷல் டிரஸ்ட் பற்றிக் கேட்பது நல்லது, அதற்கு வரியும் சாதாரண டிரஸ்டைவிடக் குறைவு.) இரண்டாவது, கிராண்ட்-இன்-எய்ட். டிசபிலிட்டி கிராண்ட் வாங்குகிற ஒருவருக்கு இன்னொருவர் முழுநேரமும் கூட இருந்தாக வேண்டும் என்றால் அதற்கு மேலே இன்னொரு தொகை கிடைக்கும், 2025 ஏப்ரலில் அது 560 ரேண்ட். கேர் டிபெண்டன்சியோடு இது கிடையாது, பிள்ளையாக இருந்தவரைக்கும் கேட்க முடியாது. 18 ஆனதும் கேட்கலாம், ஆனால் கேட்டால்தான். டிசபிலிட்டி ஃபாரத்தோடு அதுவாக ஒட்டிக்கொண்டு வராது, தனி விண்ணப்பம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஐடி வேண்டும். 16-லேயே எடுக்கலாம், நாங்கள் இந்த வருஷம் எடுத்தோம். அவன் விரல்கள் எப்போதும் முஷ்டியாக இறுகியிருக்கும், ரேகை வைக்க வேண்டும். அக்கா வெந்நீர் பிளாஸ்கும் துணியும் கொண்டுவந்து, கவுண்டருக்கு முன்னாலேயே ஒவ்வொரு விரலாக ஒத்தடம் கொடுத்துப் பிரித்துப் பிரித்துக் கண்ணாடியில் வைத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள், அப்புறம் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஃபோட்டோவில் தலை நிமிர்ந்திருக்க நான் பின்னாலிருந்து தாங்கினேன், என் விரல் படத்தில் தெரியக்கூடாது என்று இன்னொரு முறை எடுத்தார்கள்.

கார்டு வந்துவிட்டது. புது ஃபாரத்தோடு வைக்க, அக்காவின் ஒரு நாளை மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறோம், பழையது பொருந்தவில்லை. அவன் கனம் கூடிவிட்டான், அக்காவுக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது, படுக்கையிலிருந்து தூக்க இப்போது இரண்டு பேர் வேண்டும். காலை நாலரை வரியில் "நானும் என் தம்பியும்" என்று மாற்றி எழுதச் சொன்னாள். தம்பி என்றால் என் வீட்டுக்காரர். அவர் பேரையும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன், கிராண்ட்-இன்-எய்ட் ஃபாரத்துக்கு அது உதவும்.